தோட்டம் வழியா, மலை வழியா?

அந்தப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் மைக்கம்மாவின் முகத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். குரலைக் கேட்காதவர்கள் ஒருவரும் கிடையாது. மாடியில் இரண்டு நாற்காலி போட்டால் மூன்றாவதற்கு இடமில்லாத ஓர் அறை. அதில் ஒரு கண்ணாடி ஜன்னல், ஒரு மேஜை, மேஜைமேல் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு மைக், அதன் அடியில் ஒரு சுவிட்ச். மைக் திறந்திருக்கிறது என்று காட்ட சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. அந்த விளக்கு எரியாமல் போய் வெகுநாளாகிறது. "பல்பு மாத்தணும் சார்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் மேனேஜர் "பாக்கலாம்மா" என்பார். மேனேஜர்கள் பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டார்கள் என்று பொருள், இது எந்த ஊரிலும் மாறாது. பல்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அவளுடைய பெரிய தலைவலி ஐந்தாம் நடைமேடை. இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் அங்கே வந்து நிற்கும். இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே உயரம், கண்ணாடியில் ஒரே மாதிரி அழுக்கு. மலையடிவாரம் வழியாக வந்தது துறைமுகம் போகும். பழத்தோட்டம் வழியாக வந்தது ரயில் நிலையம் போகும். ரயிலைப் பிடிக்கப் போனவர் பெட்டியோடு துறைமுகத்தில் இறங்கி, கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்ற கதைகள் நிறைய உண்டு. அதனால் மைக்கம்மா அந்த நேரத்தில் மட்டும் குரலைக் கொஞ்சம் கண்டிப்பாக்கிக்கொண்டு, "பயணிகள் கவனத்திற்கு, வண்டி எந்த வழியாக வந்தது என்று பார்த்து ஏறவும்" என்று இரண்டு முறை சொல்வாள். அந்த நிலையத்தின் நேர அட்டவணை முழுவதும் அவளுக்கு நுனிநாக்கில்.

வீட்டில்தான் கதை வேறு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அணைத்துவிட்டதாக நினைத்து மாடியில் துணி காயப்போடப் போவாள். பால் பொங்கி வழிந்து, காய்ந்து கருகியும் போயிருக்கும். வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுச் சாவியைத் தேடுவாள். நெற்றியில் கண்ணாடி, ஊரெல்லாம் தேடல். அப்படிப்பட்டவள் ஐம்பது வயதைத் தாண்டியபின் குர்ஆனின் கடைசிப் பாகத்தை முழுக்க மனப்பாடம் செய்யப்போகிறேன் என்று சொன்னபோது அவளுடைய வீட்டுக்காரர் சவரம் செய்துகொண்டிருந்தார். சிரித்ததில் கன்னத்தில் ஒரு வெட்டு விழுந்தது.

"அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?" என்றார், வெட்டில் பஞ்சை ஒற்றிக்கொண்டே.

"மரம்தானே வளையாது. நான் என்ன மரமா?"

"நேத்து உப்பு வாங்கப் போயி சோப்பு வாங்கிட்டு வந்தியே, அதைச் சொல்றேன்."

அவள் அந்தச் சோப்பையே எடுத்துக்கொண்டு துணி துவைக்கப் போனாள். அவளுக்கு இது விளையாட்டு இல்லை. விஷயம் இதுதான். சின்ன வயதில் கற்ற மூன்று குட்டி ஸூராக்களை, அதாவது குர்ஆன் அத்தியாயங்களை, வைத்துக்கொண்டு முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தொழுது வந்திருந்தாள். ஊருக்கெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிற வாய், தன்னைப் படைத்தவன் முன்னால் நின்றால் அந்த மூன்றையே திருப்பித் திருப்பிச் சொல்லும். ஒருநாள் தொழுதுகொண்டிருக்கும்போதே அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பரிசு வாங்க அல்ல, பெயர் வாங்க அல்ல, அந்த வெட்கம் போகத்தான் அவள் கிளம்பினாள்.

பள்ளிவாசலின் பின்பக்க மாடியில் பெண்கள் வகுப்பு. நடத்தும் ஆலிமாவுக்கு, மார்க்கம் படித்த ஆசிரியைக்கு, மைக்கம்மாவின் மகள் வயதுதான் இருக்கும். சின்ன உருவம், மெல்லிய குரல், ஆனால் பாடம் என்று வந்துவிட்டால் இரும்பு. "மனப்பாடம் பண்றது சுலபம். தக்கவச்சுக்கிறதுதான் கஷ்டம். கயிறு அவுந்த ஒட்டகத்தைவிட வேகமா ஓடிடும்னு நபிமொழியே இருக்கு. தினமும் கட்டிப் போடணும்" என்பார் ஆலிமா. புதிய பாடம் கால்மணி, பழைய பாடம் முக்கால்மணி என்பது அவர் கணக்கு. பாடப் பாட ராகம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

மைக்கம்மா கட்டிப் போட்டாள். காலையில் அடுப்படியில் கைப்பேசியைச் சாய்த்துவைத்து ஒருவர் ஓதுவதைக் கேட்பாள். பிறகு அதை அணைத்துவிட்டு, காய் நறுக்கிக்கொண்டே அவள் ஓதுவாள். பிறகு அந்த வசனங்களின் தமிழ்ப் பொருளைச் சத்தமாகப் படிப்பாள். பொருள் தெரியாமல் சொன்னால் நாக்குதான் ஓதும், தான் ஓதியதாக ஆகாது என்பது அவள் கட்சி. இதெல்லாம் நடக்கும்போது வீட்டுக்காரர் சவரம் செய்வார், ஷூவுக்குப் பாலிஷ் போடுவார், பல் குத்துவார். அவர் அதே பேருந்து நிலையத்தின் பின்பக்கப் பணிமனையில் மெக்கானிக். எந்த வண்டிக்கு எங்கே வலிக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் மனைவியின் சத்தம் மட்டும் அவர் காதில் விழுகிறதா என்பது அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர் வாயைத் திறப்பார். 'அபஸ' என்ற ஸூராவின் கடைசியில் மறுமை நாளைப் பற்றி வரும். அன்று மனிதன் தன் சகோதரனை விட்டும், தாயை விட்டும், தந்தையை விட்டும், மனைவியை விட்டும், பிள்ளைகளை விட்டும் ஓடுவான். அவள் அந்தப் பொருளைப் படித்ததும் குளியலறையிலிருந்து குரல் வரும்.

"பொண்டாட்டிய விட்டு ஓடலாமா? தேதி போட்டிருக்கா?"

"அல்லாவோட வார்த்தையில விளையாடாதீங்க. நாக்கு வெந்துபோகும்."

"விளையாடலம்மா. முன்கூட்டியே லீவு சொல்லணும்ல, அதுக்குக் கேட்டேன்."

அந்த ஸூராதான் அவளுக்கு வினையாக வந்தது. கடைசிப் பாகத்தில் 'நாஸிஆத்' என்று ஒரு ஸூரா. அதற்கு அடுத்ததே 'அபஸ'. இரண்டிலும் ஒரு வசனம் எழுத்துக்கு எழுத்து ஒன்றே: 'உங்களுக்கும் உங்கள் கால்நடைகளுக்கும் பயன்பட.' அதற்கு அடுத்த வசனம் தொடங்குவதும் ஒரே மாதிரிதான்: 'ஃபஇதா ஜாஅதி...', அதாவது 'அது வந்துவிட்டால்.' எது வந்துவிட்டால் என்பதில்தான் பாதை பிரிகிறது. நாஸிஆத்தில் தாம்மா, மாபெரும் அமளி. அபஸவில் ஸாக்கா, காதைச் செவிடாக்கும் பேரொலி. மனப்பாடம் செய்யாதவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெருமூச்சு விடுவார்கள்.

மைக்கம்மா நாஸிஆத்தை ஒழுங்காக முடிப்பாள். அபஸவை அழகாகத் தொடங்குவாள். கால்நடைகளிடம் வந்ததும் நாக்கு தானாகத் தாம்மாவுக்குத் திரும்பிவிடும். திரும்பினால் அது நாஸிஆத்தின் வால். வாலை ஓதி முடித்தால் அடுத்த ஸூரா எது? அபஸ. தொடங்குவாள், கால்நடைகளிடம் வருவாள், மறுபடி தாம்மா. பழைய குருடி கதவைத் திறடி. கொஞ்சம் அயர்ந்தால் நாள் முழுக்க அதிலேயே செக்குமாடாகச் சுற்றிக்கொண்டிருக்கலாம், வெளியே வர வழியே கிடையாது. சுற்றுகிறோம் என்பதும் அவளுக்குத் தெரியாது. மூன்றாவது சுற்றில், அபஸவில் வருகிற இந்தத் தோட்டத்தை இப்போதுதானே தாண்டினோம் என்று லேசாக உறுத்தும்.

ஆலிமாவின் தேர்வு ஒரே அமர்வில் முழுப் பாகமும். ஒரு இடத்திலும் அவர் அடியெடுத்துக் கொடுக்கக்கூடாது. மைக்கம்மா இரண்டு முறை உட்கார்ந்தாள், இரண்டு முறையும் அதே கால்நடைகள் அவளை மேய்த்துவிட்டன. கூடப் படித்தவர்கள் எல்லாரும் முடித்துவிட்டார்கள். "அம்மா, வர்ற சனிக்கிழமை கடைசி. அதுக்கப்புறம் இந்த வகுப்பு இதுக்கு முந்தின பாகத்துக்குப் போயிடும். முடிக்கலைன்னா நீங்க புதுசா சேர்றவங்களோட முதல்லேருந்து வரணும்" என்றார் ஆலிமா. சொல்லும்போது அவருக்கே கஷ்டமாக இருந்தது. மைக்கம்மா சிரித்துக்கொண்டு தலையாட்டிவிட்டு, படியிறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி முதல் படியில் போய் நிற்க அவளுக்குத் தெம்பு இல்லை. நின்றால் விட்டுவிடுவோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. விட்டால் மீண்டும் அந்த மூன்று குட்டி ஸூராக்கள்தான்.

அன்று வீட்டுக்காரரிடம் குர்ஆனை நீட்டினாள். "நான் ஓதறேன். நீங்க பாத்துக்கிட்டே வாங்க. தப்பு விட்டா நிறுத்துங்க, அது போதும்."

"கண்ணாடி சரியில்லையே."

"போன மாசம்தானே புதுசு வாங்குனீங்க?"

"அதான் சரியில்ல. புதுசுல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். எத்தனை முறை கேட்டும் இப்படி ஒரு சாக்கு. கண்ணாடி, கழுத்துவலி, கையில் கிரீஸ். அவளுக்கு மனம் விட்டுப் போயிற்று. ஊரான் வண்டியை ராத்திரி பகல் பார்க்காமல் படுத்துக் கிடந்து சரிபார்க்கிறவர், தனக்காக ஒரு பக்கம் பார்க்க மாட்டாராமே என்று நினைத்தாள். இரண்டு நாள் அவரிடம் "சாப்பாடு" "தண்ணி" என்பதற்கு மேல் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மதியம். மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். ஐந்தாம் நடைமேடையின் இரண்டு வண்டிகளும் தாமதம். மைக்கம்மா அதை அறிவித்தாள், சிரமத்திற்கு வருந்துகிறோம் என்று நிலையத்தின் சார்பில் வருந்தினாள், பிறகு சுவிட்சை அணைத்தாள். அணைத்ததாக நினைத்தாள் என்பதுதான் சரி. பால் அடுப்பை அணைத்ததாக அவள் நினைப்பது போலத்தான் இதுவும். சிவப்பு விளக்கு எரிந்திருந்தால் காட்டிக் கொடுத்திருக்கும். அதுதான் செத்துப்போய் எத்தனையோ நாளாயிற்றே.

நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அவள் நாஸிஆத்தைத் தொடங்கினாள்.

தாழ்ந்த குரலில்தான் ஓதினாள். அந்தத் தாழ்ந்த குரலை எட்டு ஒலிபெருக்கிகள் வாங்கி நிலையம் முழுக்க விரித்தன. டீக்கடைக்காரர் தன் ரேடியோவை அணைத்தார். மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இது எந்த ஊரு வண்டிங்க? பேரு புதுசா இருக்கே" என்று கேட்டார். "தெரியல, ஆனா கேக்க நல்லாருக்கு, உக்காருங்க" என்றார் அவர். அடம்பிடித்துக்கொண்டிருந்த ஒரு குழந்தை கூட அழுகையை நிறுத்தி, குரல் எங்கிருந்து வருகிறது என்று கூரையைப் பார்த்தது.

பணிமனையிலும் ஓர் ஒலிபெருக்கி உண்டு. மெக்கானிக் ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கியர்பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். முதல் வரியிலேயே குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது. கை நின்றுபோயிற்று. ஓடிப்போய் மைக்கை அணைக்கச் சொல்லவேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் நன்றாக ஓதிக்கொண்டிருந்தாள், நிறுத்த மனம் வரவில்லை. நாஸிஆத் முடிந்தது. அபஸ வந்தது. தோட்டம் வந்தது, பழம் வந்தது, கால்நடை வந்தது. வண்டிக்கு அடியில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். தாம்மா என்றாள்.

"அட" என்றார் மெக்கானிக்.

சுற்றிவந்தாள். மறுபடி தோட்டம், மறுபடி கால்நடை, மறுபடி தாம்மா. இப்போது அவரால் படுத்திருக்க முடியவில்லை. காது பழகிய மெக்கானிக்கால் தட்டுகிற எஞ்சினைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? மூன்றாவது சுற்று தொடங்கியதும் வண்டிக்கு அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தார். முழங்கைவரை கிரீஸோடு, கையில் ஸ்பானரோடு, நடைமேடைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி ஓடினார். யாரையோ அடிக்கப்போகிறார் என்று எண்ணி ஜனங்கள் வழிவிட்டார்கள். மாடி ஜன்னலுக்குக் கீழே போய் நின்றபோது மேலே அவள் சரியாக வந்துகொண்டிருந்தாள்: உங்களுக்கும் உங்கள் கால்நடைகளுக்கும் பயன்பட. ஃபஇதா ஜாஅதி...

"ஸாக்கா!" என்று கத்தினார் மெக்கானிக். "ஸாக்கா! ஸாக்கா!"

மைக்கம்மா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். ஜன்னலைத் தள்ளி எட்டிப் பார்த்தாள். அவள் பேசியது எட்டு ஒலிபெருக்கியிலும் கேட்டது.

"என்னங்க? எதுக்கு இப்படிக் கத்துறீங்க?"

"தோட்டம் வழியா வந்துட்டு ஏன் மலைப்பக்கம் திரும்புற? மூணு சுத்து சுத்திட்ட! ஸாக்கான்னு சொல்லு!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பொண்டாட்டிய விட்டு ஓடுற ஸூரா எதுன்னு எனக்கா மறக்கும்?"

நிலையம் முழுக்கச் சிரித்தது. அப்போதுதான் அவளுக்குத் தன் குரல் தனக்கே வெளியிலிருந்து திரும்பி வருவது உறைத்தது.

"மொதல்ல மைக்கை அமத்து!" என்றார் கீழேயிருந்து.

அதற்குள் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மேனேஜர் மாடியேறி வந்துவிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் மைக்கம்மா சுவிட்சை அணைத்துவிட்டு, எரியாத சிவப்பு விளக்கை விரலால் காட்டினாள். மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை. வந்த வழியே இறங்கிப் போய்விட்டார். அன்று மாலைக்குள் புது பல்பு வந்துவிட்டது. கீழே மூட்டைமேல் இருந்த கிழவர் மட்டும், "மிச்சத்தை ஓதாம விட்டுட்டாங்களே" என்று குறைபட்டாராம்.

வேலை முடிந்து இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். இரண்டு நாள் பிணக்குக்குப் பின் யார் முதலில் பேச்சை எடுப்பது என்று ஒரு தெரு வரை இழுபறி. கடைசியில் அவள்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் ஏன் குர்ஆனை வச்சுப் பாக்க மாட்டேன்னீங்க?"

அவர் ஒரு கல்லைக் காலால் தள்ளிக்கொண்டே நடந்தார்.

"எழுத்து தெரியாது."

"என்னது?"

"அரபு எழுத்து தெரியாதுன்னேன். ஓதற பள்ளிக்கூடத்துல ரெண்டாம் நாளே சுவரேறிக் குதிச்சவன். அப்புறம் வெட்கம். உன்கிட்ட சொல்ல இன்னும் வெட்கம். காலையில அந்த போன்ல ஒருத்தர் ஓதுறாரு, அப்புறம் நீ ஓதுற, தமிழ்ல வேற படிக்கிற. காது இருக்குல்ல, அதுபாட்டுக்கு ஏறிடுச்சு. எத்தனை ஸூரா தெரியும்னு எனக்கே தெரியாது."

அவள் தெருவென்றும் பாராமல் நின்றுவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காதிலேயே வாங்கவில்லை என்று இத்தனை நாள் தான் நினைத்த மனிதர் ஒன்று விடாமல் வாங்கி வைத்திருக்கிறார். இரண்டு நாள் வெறும் "சாப்பாடு" "தண்ணி" போட்டோமே என்று அவளுக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அவருக்கு மிகவும் பிடித்த விதத்தில் டீ போட்டுத் தரவேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

"போன்ல ஓதுறவர் சரியா போறாரு, நான் மட்டும் ஏன் திரும்பிடறேன்?" என்று கேட்டாள்.

"நீ நிறுத்தத்தைப் பாக்குற. வந்த வழியைப் பாக்க மாட்டேங்குற" என்றார் அவர். "அஞ்சாம் நடைமேடையில நிக்குற வண்டி ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். பார்த்தா கண்டுபிடிக்க முடியுமா? நீதானே தினமும் தொண்டை கிழியச் சொல்ற, எந்த வழியா வந்ததுன்னு பாத்து ஏறுன்னு. அந்த முதல் ஸூராவுல, கால்நடைக்கு முன்னாடி என்ன வருது?"

அவள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பூமியை விரித்தான். தண்ணீரையும் மேய்ச்சலையும் வெளிப்படுத்தினான். மலைகளை நாட்டினான்.

"மலை" என்றாள்.

"ரெண்டாவதுல?"

தானியம், திராட்சை, ஒலிவம், பேரீச்சை, அடர்ந்த தோட்டங்கள், பழங்கள், தீவனம்.

"தோட்டம்."

"அவ்வளவுதான். மலை வழியா வந்தா தாம்மா. தோட்டம் வழியா வந்தா ஸாக்கா. ஊருக்கெல்லாம் சொல்றவ, உனக்குச் சொல்லிக்க மாட்டேங்குறியே."

இவ்வளவு நாள் இது தனக்குத் தோன்றவில்லையே என்று அவளுக்கு அசடு வழிந்தது. மறுநாள் முழுக்க, மாடி அறையிலும், வீட்டிலும், புது பல்பை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே, அவள் வந்த வழியைப் பார்த்துப் பார்த்து ஓதினாள்.

சனிக்கிழமை மழை. பள்ளிவாசலின் மாடி அறையில் பாய் ஈரவாடை அடித்தது. ஆலிமா குர்ஆனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே மைக்கம்மா. ஊரே கேட்க மைக்கில் பேசும்போது நடுங்காத குரல், ஒரே ஒரு சின்னப் பெண்ணின் முன்னால் நடுங்கியது. கீழே வாசலில், செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், மெக்கானிக் குடையோடு நின்றார். மழைக்கு ஒதுங்கியது போல நின்றாரே தவிர, காது மாடியில்தான் இருந்தது.

நாஸிஆத் நல்லபடியாகப் போனது. மலை வழியாக வந்தாள், தாம்மாவுக்குப் போனாள், முடித்தாள். அபஸ. ஆலிமாவின் விரல் வரியின்மேல் நகர்ந்தது. தானியம், திராட்சை, ஒலிவம், பேரீச்சை. தோட்டங்களுக்கு வந்ததும் மைக்கம்மா குரலைக் கொஞ்சம் கண்டிப்பாக்கிக்கொண்டாள், ஐந்தாம் நடைமேடைக்கு அறிவிக்கும்போது ஆக்கிக்கொள்வது போலவே. கால்நடைகள் வந்தன. ஃபஇதா ஜாஅதி... ஒரு நொடி நின்றாள். ஆலிமாவின் உதடு பிரிந்தது, எடுத்துக் கொடுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. நாக்கைப் பழைய பாதை இழுத்தது. தோட்டம் வழியாக வந்தோம், தோட்டம் வழியாகத்தான் வந்தோம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"...ஸ் ஸாக்கா" என்றாள்.

கீழே யாரோ குடையை டமாலென்று தரையில் போடுகிற சத்தம் கேட்டது. ஆலிமா சிரிப்பை அடக்கிக்கொண்டு, விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். அதன்பின் மைக்கம்மாவை யாராலும் நிறுத்த முடியவில்லை. பாகத்தின் கடைசி ஸூராவின் கடைசிச் சொல்வரை ஒரே மூச்சாகப் போய்ச் சேர்ந்தாள். ஆலிமா குர்ஆனை மூடி முத்தமிட்டுவிட்டு, எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார்.

"யாரும்மா உங்களுக்குப் பாடம் கேட்டது?"

"எங்க வீட்டு மெக்கானிக்" என்றாள் மைக்கம்மா. அதைச் சொல்லும்போது வந்த பெருமை, முழுப் பாகத்தையும் ஓதி முடித்தபோதுகூட வரவில்லை.

மழையில் நனைந்து வீடு வந்து சேர்வதற்குள் மக்ரிப் ஜமாஅத், அந்திநேரக் கூட்டுத் தொழுகை, தவறிவிட்டது. வீட்டிலேயே இருவரும் தொழுதார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். அவர் தொழவைத்தால் என்றைக்கும் ஒரே குட்டி ஸூராதான். கண்ணை மூடித் திறப்பதற்குள் குனிந்துவிடுவார். அன்றும் அப்படித்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். முதலில் ஓதும் ஃபாத்திஹா முடிந்தது. கொஞ்சம் தயங்கினார். பிறகு, உரத்து, அபஸவைத் தொடங்கினார்.

கிரீஸ் வாசம் போகாத அந்தக் கைகள் நெஞ்சில் கட்டியிருக்க, அவள் தினமும் காய் நறுக்கிக்கொண்டே ஓதிய வசனங்கள், அவளுடைய அதே இழுவையோடு, அவர் வாயிலிருந்து வந்தன. தானியம் வந்தது, தோட்டம் வந்தது, கால்நடை வந்தது. ஃபஇதா ஜாஅதி...

"...த் தாம்மா" என்றார் மெக்கானிக்.

தொழவைப்பவர் தவறினால் பின்னால் நிற்கும் பெண் கையைத் தட்டி உணர்த்தவேண்டும் என்பது முறை. மைக்கம்மா தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டாள். அவர் நின்றார். பின்னோக்கிப் போய், தோட்டத்திலிருந்து மறுபடி மெதுவாக வந்தார். கால்நடைகளிடம் ஒரு கணம் நிதானித்து, ஸாக்காவுக்குத் திரும்பினார். மனைவியை விட்டு ஓடுகிற இடத்தில் குரல் கொஞ்சம் கரகரத்தது.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் அவள் கேட்டாள். "சொல்லுங்க, வேணும்னுதானே தப்பு விட்டீங்க?"

"சத்தியமா இல்ல. உன் வாயால கேட்டே படிச்சதுல, உன் தப்பும் சேர்ந்து மனப்பாடமாயிடுச்சு."

அவள் சிரித்த சிரிப்பில் தலைத்துணி நழுவியது. அவர் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து குர்ஆனை இரண்டு கையாலும் எடுத்துவந்து, சின்னப் பிள்ளை போல அவள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். புதுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் ஒரு கோளாறும் இல்லை.

"அந்த நாள் வந்தா ஓடித்தான் ஆகணும், அப்ப பாத்துக்கலாம்" என்றார். "இன்னிக்கு நான் எங்கயும் ஓடல. முதல் எழுத்து எது, காட்டு."